நீச்சல் குளம் வரை

படிகளின் ஓரத்தில் பித்தளைப் பட்டை அடித்திருக்கிறார்கள். வழுக்காமல் இருப்பதற்காம். அதன் முனை கூர்மையாக இருக்கிறதா என்று யாரும் பார்க்காதபடி செருப்பு நுனியால் தடவிப் பார்க்கிறேன். கூர்மைதான். "பிளஸ் ஒன் கிளாஸ் எல்லாம் நாலாவது மாடிங்க மேடம். கீழே சின்னப் பசங்க போடுற சத்தம் அங்க வராது, காத்தும் நல்லா வரும்" என்று சொல்லிக்கொண்டே பெர்சிஸ் மேடம் முன்னால் ஏறுகிறார். பள்ளியைப் பார்க்க வரும் பெற்றோருக்குச் சுற்றிக் காட்டுவதுதான் அவர் வேலை. புடவை மடிப்பு கலையாமல் ஏறுகிறார், மூச்சும் வாங்கவில்லை. அவருக்குப் பின்னால் என் மகன் பரணி, இரண்டிரண்டு படியாகத் தாவிக்கொண்டு. அவனுக்கும் பின்னால் என் மகள் நிரஞ்சனா. அவளுக்கும் பின்னால் நான். நான் எப்போதும் அவளுக்குப் பின்னால்தான் ஏறுவேன், இறங்கும்போது முன்னால் இறங்குவேன். விழுந்தால் என்மேல் விழட்டும் என்று. யாரும் கவனித்ததில்லை, அம்மா மெதுவாக நடப்பாள் என்றுதான் நினைத்திருப்பார்கள். அந்தந்த நேரத்துக்கு நான் எங்கே நிற்க வேண்டும் என்பதைத் தவிர இந்த ஒரு வருஷமாக நான் வேறு எதைத்தான் யோசித்தேன்? ஆனால் பள்ளிக்கூடத்தில் நான் இருக்க மாட்டேனே. தினமும் இந்தப் படிகளில் இவள் ஏறுவாள், மணி அடித்ததும் நூறு பிள்ளைகளோடு முட்டிக்கொண்டு இறங்குவாள், தோளில் அத்தனை கனமான பை. அந்த நூறு பேரில் ஒருவருக்குக்கூடத் தெரிந்திருக்காது. தெரியக்கூடாது என்றுதானே சிமென்ட் ஆலையையும் டவுன்ஷிப்பையும் விட்டுவிட்டு, மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு, இந்தக் கோயம்புத்தூருக்கே வந்தோம். பிள்ளைகள் படிப்புக்காக என்று எல்லாரிடமும் சொன்னோம். பால்காரரிடம்கூட அப்படித்தான் சொன்னேன். கேட்டுக் கேட்டு எனக்கே அது உண்மை மாதிரி ஆகிவிட்டது. காலையில் கிளம்பும்போது என் கணவர் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே, நிமிராமல், "கோமு, ஸ்கூல் நல்லா இருந்தா இன்னைக்கே முடிச்சிடு. அதை மட்டும் சொல்லிடாத" என்றார். அது. எங்கள் வீட்டில் அதற்கு அது என்றுதான் பெயர்.

வகுப்பறை பெரிதாக, சுத்தமாக இருக்கிறது. மேஜைகள் எல்லாம் வட்ட முனை. இதைப் பார்த்ததும் நெஞ்சுக்குள் ஏதோ இளகுகிறது, யாரோ எனக்காகவே யோசித்துச் செய்தது போல. உடனே நிமிர்ந்து பார்க்கிறேன், ஒரு டியூப்லைட் துடித்துக்கொண்டிருக்கிறது. விட்டு விட்டு, விட்டு விட்டு. அது இவளை ஒன்றும் செய்யாது, இவளுக்கு வருவது வெளிச்சத்தால் வருகிற வகை இல்லை என்று தஞ்சாவூர் டாக்டர் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். ஆனாலும் நான் அந்த விளக்குக்கும் நிரஞ்சனாவுக்கும் நடுவில் போய் நின்றுகொள்கிறேன். "ஒவ்வொரு கிளாஸ்லயும் கேமரா இருக்குதுங்க மேடம். உங்க போன்லயே நீங்க வீட்டுல இருந்து பாத்துக்கலாம்" என்று பெர்சிஸ் மேடம் மூலையைக் காட்டுகிறார். கறுப்பாக, கோழிக் கண் மாதிரி ஒன்று. பரணி அதற்குக் கை காட்டுகிறான். "அக்கா தூங்குறதை அம்மா லைவா பாக்கலாம்" என்கிறான். "உன்னைய எந்த கேமராவும் பாக்காதுடா, லென்ஸ் வெடிச்சிடும்" என்கிறாள் இவள். பெர்சிஸ் மேடம் சிரிக்கிறார். நானும் சிரிக்க வேண்டிய இடம், சிரித்தேன். நாற்பது வீட்டில் நாற்பது அம்மாக்கள் அடுப்படியில் நின்றுகொண்டு போனைப் பார்ப்பார்கள். அப்போது வந்தால்? பழைய பள்ளியில் அசெம்பிளியில் வந்தபோது கேமரா இல்லை, ஆனால் என்ன குறைந்துபோயிற்று, சாயங்காலம் பள்ளி வேன் போய் நின்ற ஒவ்வொரு வாசலிலும் செய்தி இறங்கிவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது அவளைக் கொடிக்கம்பத்து மேடையில் படுக்கவைத்திருந்தார்கள். பி.டி. சார் தன் சாவிக்கொத்தை அவள் உள்ளங்கையில் திணித்து, விரல்களை மூடி, மேலே தன் கையால் அழுத்திப் பிடித்திருந்தார். நல்ல மனிதர், அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இரும்பு பிடித்தால் நின்றுவிடும் என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். சாவிகளின் பல் அவள் கையில் பதிந்து இரண்டு நாள் இருந்தது. ஹெட்மிஸ்ட்ரஸ் கேட்டார், "முன்னாடி இப்படி வந்திருக்காம்மா?" அதற்கு முன் வீட்டில் இரண்டு தடவை வந்திருந்தது. நான் சொன்னேன், "இல்ல மேடம், காலைல சாப்பிடாம வந்துட்டா." எவ்வளவு சுலபமாக வந்தது அந்த வார்த்தை. யோசிக்கவே இல்லை. அதற்குப் பிறகு அந்தப் பள்ளியில் டீச்சர்கள் எல்லாரும் அவளுக்கு பிஸ்கட் கொடுத்தார்கள். ஒல்லியாக இருக்கணும்னு பட்டினி கிடக்கிறியா என்று திட்டிக்கொண்டே கொடுத்தார்கள். அவளும் வாங்கித் தின்றாள்.

இப்போது ஒரு நீளமான நடைக்கூடம். ஒரு பக்கம் முழுக்கப் போன வருஷம் மருத்துவக் கல்லூரிக்குப் போன பிள்ளைகளின் படங்கள். எல்லார் கண்ணுக்குக் கீழேயும் ஒரே மாதிரி கருப்பு. பெர்சிஸ் மேடம் ஒரு விரலால் அந்த வரிசையைத் தடவிக்கொண்டே நடக்கிறார், ஒவ்வொரு பிள்ளையாக எண்ணிப் பார்ப்பது போல. "காலைல ஆறரைக்கு ஜீரோ அவர் கிளாஸ் ஆரம்பிச்சுடுமுங்க. சாயங்காலம் ஸ்டடி முடிய எட்டு ஆயிடும். டின்னர் இங்கயே குடுத்துடுறோம். பசங்க கொஞ்ச நாள் கஷ்டப்படுவாங்க, அப்புறம் பழகிக்குவாங்க. தூக்கத்தை மட்டும் கொஞ்சம் விட்டுக் குடுக்கணும்ங்க, ரெண்டே வருஷம்தான்." தூக்கத்தை. டாக்டர் மேஜைமேல் விரலால் தட்டித் தட்டிச் சொன்னது அதுதான். மாத்திரை ஒரு பங்கு என்றால் தூக்கம் இன்னொரு பங்கு, இந்தப் பெண் நன்றாகத் தூங்கியே ஆகவேண்டும். உயரம், நெருப்பு, தண்ணீர் மூன்றிலும் ஜாக்கிரதை. பள்ளியில் கட்டாயம் சொல்லிவிடுங்கள், சொல்லிவிட்டால் மற்ற பிள்ளைகள் மாதிரி எல்லாமே படிக்கலாம். நாங்கள் இருவரும் தலையாட்டினோம். வெளியே வந்து ஆட்டோவில் ஏறியதும் அவர், "டாக்டருங்களுக்கு என்ன, சொல்லிட்டுப் போயிடுவாங்க. பொண்ணு. நாளைக்கு ஒரு இடத்துல குடுக்கணும்" என்றார். நாளைக்கு. இருபத்தைந்து வயதில் பெண் பார்க்க வரப்போகிற யாரோ ஒரு வீட்டாருக்காக, அவர்கள் யார், எந்த ஊர், இருக்கிறார்களா என்றே தெரியாதவர்களுக்காக, பதினைந்து வயதிலேயே இவளை ஒளித்துவைக்கத் தொடங்கினோம். என் நாத்தனார் ஒரு படி மேலே போய், மாத்திரைகளை வைட்டமின் டப்பாவுக்கு மாற்றி வைக்கச் சொன்னாள், வருகிறவர்கள் போகிறவர்கள் பெயரைப் படித்துவிடுவார்கள் என்று. மாற்றினேன். பரணி ஒருநாள் அதில் ஒன்றை எடுத்து விழுங்கிவிட்டு மத்தியானம் முழுக்க எழுந்திருக்கவே இல்லை. அவன் தூங்கத் தூங்க நான் அவன் மூக்கருகே கையை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதையும் யாரிடமும் சொல்லவில்லை. இதெல்லாம் ஒரு பொய்யா பல பொய்யா என்று சில சமயம் யோசிப்பேன். ஒன்றுதான். ஒன்றே ஒன்று, வீட்டுக்குள் கசியும் குழாய் மாதிரி, இங்கே துடைத்தால் அங்கே ஈரம்.

நேற்றுப் பார்த்த பள்ளி இப்படி இல்லை. சின்னப் பள்ளி, ஓட்டுக் கட்டடம், எல்லா வகுப்பும் தரையிலேயே. வேப்பமரம், மண் தரை. விழுந்தால் மண். பிரின்சிபாலே எழுந்து வந்து எங்களுக்கு டீ ஊற்றிக் கொடுத்தார். ஆனால் பிளஸ் ஒன்னில் பயாலஜி எடுக்கும் டீச்சர் போன மாதம் வேலையை விட்டுப் போய்விட்டார், ஆள் தேடுகிறோம் என்றார். நிரஞ்சனா வெளியே வந்ததும் நேராகப் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தாள். பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து, "மண்ணுல உக்காந்து படிக்கலாம், டீச்சர் இல்லாமயா படிக்கிறது?" என்று மட்டும் கேட்டாள். நான் மண்ணைப் பார்த்துத்தான் அந்தப் பள்ளியை விரும்பினேன் என்று அவளுக்கு எப்படித் தெரிந்தது? நான் எதையும் சொல்லவில்லையே. தெரிந்திருக்காது, சும்மா சொல்லியிருப்பாள்.

கெமிஸ்ட்ரி லேபில் வரிசையாக பர்னர்கள். பெர்சிஸ் மேடம் ஒன்றைக் கொளுத்தியே காட்டச் சொல்கிறார். லேப் அசிஸ்டென்ட் திருகைத் திறந்ததும் நீலமாக ஒரு நாக்கு எழுந்து நின்றது, சத்தமில்லாமல். அதன்மேல் குனிந்து இவள் நிற்பதைப் பார்த்தேன், இப்போது இல்லை, ஏதோ ஒரு நாள், பின்னலை முன்னால் போட்டுக்கொண்டு, கையில் சோதனைக் குழாயோடு. போதும், அணைக்கச் சொல்லுங்கள் என்று வாய்வரை வந்தது. "நல்லா இருக்கு" என்றேன். அடுத்த அறை பயாலஜி. அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு முழு எலும்புக்கூடு. பரணி ஓடிப்போய் அதன் பக்கத்தில் அதே மாதிரி பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான். நிரஞ்சனா அந்தப் பக்கம் போகவே இல்லை. மேஜைமேல் இருந்த மைக்ராஸ்கோப்பிடம் போனாள். கேட்டாள், "பாக்கலாமா ஆண்ட்டி?" "பாரு கண்ணு, தாராளமா பாரு." அவள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தாள். குனிந்தவள் நிமிரவே இல்லை. ஏன் அசையாமல் நிற்கிறாள்? தோளைப் பார்த்தேன், விரல்களைப் பார்த்தேன். இடது கை மேஜையை இறுக்கமாகப் பிடித்திருந்தது. நான் இரண்டடி முன்னால் போய்விட்டேன், கை நீட்டிவிட்டேன். அதற்குள் அவள் நிமிர்ந்தாள், கண் பளபளவென்று. "அம்மா, நரம்பு செல். வேர் வேரா இருக்கு. நீயும் பாரேன்." நான் பார்த்தேன். எனக்கு என் கண்ணிமை முடிதான் தெரிந்தது. "ரொம்ப நல்லா இருக்கு" என்றேன். அவள் என் காதருகே வந்து, மூன்று வயதில் பொம்மைக் கடையில் பேசுவாளே அந்தக் குரலில், "இதுவே போதும்மா. இங்கயே சேந்துடலாம்மா" என்றாள். ஒரு வருஷமாக இவள் எதையும் கேட்டதில்லை. துணி எடுக்கப் போனால், "எதுன்னாலும் சரி." சாப்பிட என்ன வேண்டும் என்றால், "எதுன்னாலும் சரி." இப்போது கேட்கிறாள். நேற்றைய மண் தரையில் இந்தக் கண் மின்னவில்லை. பத்திரமான பள்ளியா, இவளுக்கு வேண்டிய பள்ளியா? இப்படிக் கேட்டுக்கொள்வதே தப்பு என்று உடனே தெரிகிறது. சொல்லிவிட்டால் இந்தப் பள்ளியும் பத்திரம்தான். ஆனால் சொல்லிவிட்டால் இந்தப் பள்ளி இருக்குமா? சேர்க்க மாட்டோம் என்று முகத்துக்கு நேராகச் சொல்ல மாட்டார்கள். இடம் நிரம்பிவிட்டது என்பார்கள், மரியாதையாக. அதனால் முதலில் சேர்ப்போம், சேர்ந்த பிறகு ஒரு மாதம் கழித்து வகுப்பு டீச்சரிடம் மட்டும், மெதுவாக. இல்லை, ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்பார்கள். சரி, சொல்லவே வேண்டாம், மாத்திரை ஒழுங்காகப் போகிறது, அசெம்பிளிக்குப் பிறகு ஒரு தடவைகூட வரவில்லை, இனியும் வராது. வராது என்று யார் சொன்னது? நான்தான். நான் யார் அதைச் சொல்ல?

இறங்கும்போது வழக்கம்போல நான் முன்னால் போனேன். வெயிலில் ஒரு சிமென்ட் பாதை, அதன் முடிவில் ஒரு கம்பிக் கதவு. குளோரின் வாசனை கதவுக்கு முன்பே வந்துவிட்டது. நீலம். அவ்வளவு பெரிய நீலத்தை நான் எதிர்பார்க்கவில்லை. பரணி "அய்யோ!" என்று கத்திவிட்டான். பெர்சிஸ் மேடம் கடைசியாகத்தான் இதைக் காட்டுவார் போலிருக்கிறது, குரலே மாறிவிட்டது. "எந்த ஸ்கூல்லயும் பிளஸ் ஒன், பிளஸ் டூ பசங்களைத் தண்ணில இறங்க விட மாட்டாங்க மேடம், படிப்பு கெட்டுடும்னு. நாங்க வாரத்துல ரெண்டு நாள் கட்டாயமா வெச்சிருக்கோம். படிக்கிற பாரம் எல்லாம் இறங்கிடுமுங்க. கண்ணு, உனக்கு நீச்சல் தெரியுமா?" நிரஞ்சனா தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டவுன்ஷிப் கிளப் குளத்தில் இவளை வெளியே எடுக்க நானும் அவரும் கரையில் நின்று கெஞ்சுவோம். விரல் நுனியெல்லாம் சுருங்கிப்போய், உதடு நீலமாகி, இன்னும் ஒரே ஒரு ரவுண்ட், ஒரே ஒரு ரவுண்ட் என்பாள். அவள் திரும்பி, கொஞ்சம் வெட்கப்படுவது போலச் சிரித்து, "தெரியாது ஆண்ட்டி. தண்ணின்னாலே எனக்கு சின்ன வயசுல இருந்து பயம்" என்றாள். ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை, கண் தாழவில்லை. எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்தி, எங்கே சிரிக்க வேண்டுமோ அங்கே சிரித்தாள். என் குரல் அது. காலைல சாப்பிடாம வந்துட்டா என்று சொன்ன என் குரல், என்னைவிடத் தேர்ச்சியாக. பரணி வாயைத் திறந்து அவளைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான், பிறகு வாயை மூடிக்கொண்டான். அவனும் கற்றுக்கொண்டுவிட்டான். பெர்சிஸ் மேடம் அவள் தோளைத் தட்டி, "அவ்வளவுதானா? எங்க கோச் எத்தனை பயந்தாங்கொள்ளிங்களைப் பாத்திருக்காரு! ஆழத்துல இறக்கி விட்டுட்டு மேல இருந்து வேடிக்கை பாப்பாரு. மூணே வாரத்துல மீன் மாதிரி ஆயிடுவ" என்றார்.

"அவளுக்கு வலிப்பு வரும்." யார் சொன்னது என்று ஒரு கணம் எனக்கே தெரியவில்லை. அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்து இதுவரை நான் கேட்டதில்லை. அது தண்ணீர்மேல் போய், எதிர்ச்சுவரில் மோதித் திரும்பி வந்தது போல இருந்தது. "என்னங்க மேடம்?" "ஃபிட்ஸ். மாத்திரை சாப்பிடுறா. தண்ணில அவளைத் தனியா விடக்கூடாது." பெர்சிஸ் மேடத்தின் கை அவள் தோளிலிருந்து இறங்கியது. கெட்ட எண்ணத்தோடு இல்லை, தொடலாமா கூடாதா என்று தெரியாத கை. "அப்படி யாருமே எங்க ஸ்கூல்ல இல்லீங்களே மேடம்" என்றார். இத்தனை மாடி, இத்தனை பிள்ளைகள், ஒருவர்கூட இல்லையாம். அத்தனை அம்மாக்களும் என்னை மாதிரிதான் போலிருக்கிறது. "ஒரு நிமிஷங்க, பிரின்சிபால் மேடத்துகிட்டக் கேட்டுடுறேன்" என்று போனை எடுத்துக்கொண்டு கம்பிக் கதவுப் பக்கம் போனார். நிரஞ்சனா என்னைப் பார்க்கவில்லை. "கெடுத்துட்ட" என்றாள். "எல்லாத்தையும் கெடுத்துட்ட. இங்கயாவது யாருக்கும் தெரியாம இருந்திருக்கும். அப்பாகிட்ட என்ன சொல்லுவ?" அவர் கத்த மாட்டார், தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்து போவார். அதைவிட இவள் முதுகு. என் பக்கம் திரும்பிய அந்த ஒல்லியான முதுகு, மூச்சு வாங்குகிறது. நரம்பு செல்லைப் பார்த்தாளே, வேர் வேரா இருக்கு என்றாளே, அதை நான்தான் பிடுங்கிவிட்டேனா? சொல்லாமல் இருந்திருந்தால் மூன்று வாரம். ஆழம். வேடிக்கை பார்க்கும் கோச்.

பெர்சிஸ் மேடம் போனைக் காதில் வைத்தபடியே திரும்பி வந்தார். "மேடம் கேக்குறாங்க, அது எப்படி வரும்னு. திடீர்னு விழுந்துடுவாங்களான்னு." "ஆமாங்க" என்றேன், "திடீர்னுதான். முன்கூட்டி ஒண்ணுமே தெரியாது." "தெரியும்." நிரஞ்சனா திரும்பியிருந்தாள். கண் சிவந்திருந்தது, ஆனால் குரல் கோபத்தில் நிமிர்ந்து நின்றது, தப்பாக விடை சொல்கிறவரைத் திருத்தும் குரல். "திடீர்னு வராது. முதல்ல வாயில ஒரு ருசி வரும், காசை நக்கினா மாதிரி. அப்புறம் இடது கை விரல் என்னோடது இல்லாத மாதிரி ஆயிடும். அதுக்குள்ள தரையில படுத்துடலாம், நேரம் இருக்கும். ஆனா படுத்தா ஏன்னு கேப்பாங்க. அதனால நான் நின்னுட்டே இருப்பேன்." நான் அவளையே பார்த்தேன். நேரம் இருக்கும் என்கிறாள். ஒவ்வொரு தடவையும் நேரம் இருந்திருக்கிறது. படுத்திருக்கலாம். கேட்டால் என்ன சொல்வது என்று தெரியாமல் நின்றிருக்கிறாள். பெர்சிஸ் மேடம் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு போனில், "மேடம், பாப்பாவே சொல்லுதுங்க, நீங்களே கேட்டுக்கங்க" என்று சொல்லி அதை அவளிடம் நீட்டினார். அவள் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். "குட் மார்னிங் மேடம். நிரஞ்சனா. ஆமா மேடம், பிளஸ் ஒன். பயாலஜிதான் மேடம்." அந்தப் பக்கம் என்ன கேட்கிறார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை, ஒரு பெண் குரலின் இரைச்சல் மட்டும், அன்பா கண்டிப்பா என்று பிரிக்க முடியாமல். "ஒரு பக்கமா சாய்ச்சுப் படுக்க வெச்சா போதும் மேடம், கையில எதையும் குடுக்க வேண்டாம். ஆமா மேடம். இல்ல, ஸ்கூல்ல ஒரே தடவைதான்." பிறகு நீண்ட நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். பரணி என் முந்தானையைப் பிடித்துக்கொண்டான், இவ்வளவு வளர்ந்த பிறகு. "தனியா இருக்கும்போதா மேடம்?" என்றாள் நிரஞ்சனா. இப்போதுதான் முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே பதில் சொன்னாள். "வந்திருக்கு மேடம். ரூம்ல, கதவைச் சாத்திட்டு. போன மாசம்கூட." அந்தப் பக்கம் இன்னும் ஏதோ கேட்டார்கள். "இல்ல மேடம். அம்மாவுக்குத் தெரியாது."